தொல்லூர்தி உதிரியியல்: ஜி.எம்.சி. மோட்டார் ஹோமை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உற்பத்தி நின்று அரை நூற்றாண்டை நெருங்கியும் அமெரிக்கச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டு வண்டிக்கு உதிரிபாகம் எங்கே, யாரிடம், எத்தனை பேச்சுக் கேட்ட பிறகு கிடைக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பாகம் அரிதாவதற்கு அதன் வயதுதான் காரணம் என்பர் பாமரர். அஃதன்று; அதன் தனிமையே காரணம் என்பது இங்கே நிறுவப்படும். நிறுவுவதற்கு வேண்டிய நூற்பாக்களை முன்னோர் எவரும் இயற்றி வைக்காமையால் ஆய்வாளரே இயற்றி, ஆய்வாளரே உரை கண்டு, ஆய்வாளரே வியந்தும் கொண்டார்.

1. ஆய்வுப் பொருள்

1972 மே மாதம் வாஷிங்டனை அடுத்த டல்லெஸ் விமான நிலையத்தில் ‘டிரான்ஸ்போ 72’ என்றொரு போக்குவரத்துக் கண்காட்சி நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அங்கே ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை. வெளியே மழுங்கிய மூக்கும் பெரிய கண்ணாடிகளும். 1973 முதல் 1978 வரையிலான மாடல்களாக, மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக் நகரில், 23 அடி, 26 அடி என இரு நீளங்களில் இது உருவானது. மொத்தம் ஏறத்தாழ 12,900 வண்டிகள். 1981இல் வந்த ‘ஸ்ட்ரைப்ஸ்’ என்ற நகைச்சுவைப் படத்தில் ராணுவத்தின் ரகசிய ஆயுத வண்டியாக வேடம் கட்டியதும் இதுவே.

அக்காலத்து மற்ற வீட்டு வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோர் இருவர். லாரிக் கம்பெனி அடிச்சட்டத்தைக் கொடுக்கும். வேறொரு கம்பெனி அதன்மேல் பெட்டியை ஏற்றும். ஜி.எம்.சி. மோட்டார் ஹோமில் சட்டமும் கூடும் ஜெனரல் மோட்டார்ஸின் கைவண்ணம். இன்ஜின் இழுப்பது முன்சக்கரங்களை. ஆகவே தரைக்கு அடியில் பின்னோக்கி ஓடும் ஷாஃப்ட் கிடையாது. தளத்தை நன்றாகத் தாழ்த்திவிட்டார்கள். பின்பக்கம் இடத்துக்கு இரண்டு, வலத்துக்கு இரண்டு என ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு சக்கரங்கள். அவற்றின் கைகளுக்கு நடுவே, பக்கத்துக்கு ஒன்றாகக் காற்றுப் பை. பையில் காற்றைக் கூட்டிக் குறைத்து வண்டியின் பின்பக்கத்தை ஏற்றவும் இறக்கவும் செய்யலாம். ஒரு கேலன் பெட்ரோலுக்குப் பத்து மைல் கிடைத்தால் உரிமையாளர் அதை ஊரறியச் சொல்வார்.

இவ்வளவு புதுமையான வண்டி ஏன் நின்றது? இதன் இன்ஜினும் கியர்பாக்சும் ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ என்னும் பெரிய காரிடம் வாங்கிய கடன். 1979 மாடலில் டொரொனாடோ உடல் இளைத்தது. இன்ஜின் அமைப்பும் சிறுத்தது. கடன் கொடுத்தவர் கையை விரித்ததும் வண்டி நின்றது. 2004இல் ஓல்ட்ஸ்மொபைல் என்ற பெயரே மூடப்பட்டது. ஆக, ஆய்வுப் பொருள் இன்று தாயையும் தாய்மாமனையும் இழந்த பிள்ளை. அது எப்படி இன்னும் ஓடுகிறது என்பதே ஆய்வு வினா.

2. உறவு முறை

நூற்பா 1:
உரிமைப் பெயரால் தேடினோன் காணான்;
உறவுப் பெயரால் தேடினோன் காண்பான்.

உரை: 1978 வண்டிக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உதிரிபாகக் கடைக்குப் போய், “ஜி.எம்.சி. மோட்டார் ஹோம்” என்றால், கல்லாவில் இருக்கும் இளைஞர் கணினியில் வருடத்தைத் தட்டுவார், கம்பெனியைத் தட்டுவார், மாடல் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவார். பிறகு நிமிர்ந்து, “பிக்-அப்பா, வேனா?” என்பார். இரண்டும் இல்லை என்று சொன்ன கணமே வாடிக்கையாளர் என்ற தகுதி போய்ப் பிரச்சினை என்ற தகுதி வந்துவிடும். கற்றறிந்தவர் இந்தத் தவற்றைச் செய்யார். அந்த வருடத்து வண்டியில் இருப்பது ஓல்ட்ஸ்மொபைலின் 403 கன அங்குல இன்ஜின், அதாவது 6.6 லிட்டர். அதே இன்ஜின் அதே காலத்துப் பான்டியாக் ட்ரான்ஸ் ஆம் கார்கள் பலவற்றிலும் உண்டு. ஆகவே அவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, “ட்ரான்ஸ் ஆமுக்கு ஒரு மூடி” என்பார். இளைஞர் கண்ணில் மரியாதை தெரியும். வெளியே நிற்பது பந்தயக் கார் என்று அவர் எண்ணிக்கொள்வார், எண்ணட்டும். வண்டியை அடுத்த தெருவில் நிறுத்துவது மரபு.

1973 முதல் ஓடிய 455 கன அங்குல இன்ஜினுக்கும் இம்முறையே. 7.5 லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்த ஓல்ட்ஸ்மொபைல் இன்ஜினை 1970களில் ஜெட் படகுகளிலும் நிறையப் பொருத்தினார்கள். எனவே சாலையில் கிடைக்காத பிஸ்டனை ஏரிக்கரைப் பட்டறையில் விசாரிக்கலாம். கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமாடிக் 425. இன்ஜினின் சுழற்சியை ஒரு சங்கிலி வழியாக வாங்கிக்கொள்ளும் இந்த விசித்திரப் பெட்டிக்குக் கார்களில் உறவினர் இருவரே: டொரொனாடோ, காடிலாக் எல்டொராடோ. உறவு சிறிது, ஆனால் வசதியான இடம். கார்புரேட்டரோ ரோச்செஸ்டர் குவாட்ராஜெட். 1965 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் எங்கு பார்த்தாலும் இருந்த சாதி அது. தெருவுக்கு நான்கு சித்தப்பாக்கள். உள்ளே இருக்கும் ஜெட்டும் ஊசியும் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

முகப்பு விளக்கின் கதை இன்னும் தெளிவானது. 1940 மாடல்கள் தொட்டு 1983 வரை, அமெரிக்காவில் எந்தக் கார் ஆனாலும் சட்டம் சொன்ன அளவுள்ள ‘சீல்டு பீம்’ விளக்கையே பொருத்த வேண்டும். அன்றைய வடிவமைப்பாளர்கள் இந்தச் சட்டத்தால் தங்கள் கலை கெடுகிறது என்று புலம்பினார்கள். கலை கெட்டதோ இல்லையோ, விளக்கு இறவாப் பேறு பெற்றது. எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து, வண்டியின் பெயரைக் கூடச் சொல்லாமல், அளவை மட்டும் சொல்லி வாங்கிவரலாம்.

நூற்பா 2:
கலந்தது வாழும், தனித்தது மாளும்.

உரை: இவ்வண்டியின் பெருமைக்குக் காரணமானவை எவையோ அவையே இன்று கிடையாதவை. முகப்புக் கண்ணாடி வேறெந்த வண்டிக்கும் பொருந்தாது. பக்கக் கண்ணாடிச் சட்டமும் ஃபைபர்கிளாஸ் உடற்பலகையும் அப்படியே. பின்சக்கரத்துக் கைகளுக்கு உலகில் உறவென்று சொல்ல ஒருவரும் இல்லை. கடன் வாங்கிய பாகம் கடைவீதியில் கிடைக்கிறது. சொந்தமாகச் சிந்தித்துச் செய்த பாகத்துக்கு நாயாய் அலைய வேண்டும். வடிவமைப்பாளர்களுக்கு இதில் ஒரு நீதி உண்டு. அதை அவர்கள் விரும்பமாட்டார்கள்.

எதிர்ச் சான்று தேடுவோர் ஃபோக்ஸ்வேகன் கோம்பி வேனைப் பார்க்கலாம். அது நமது ஆய்வுப் பொருளைவிடக் கிழடு. ஆயினும் பிரேசிலில் 2013 வரை உருவாகிக்கொண்டே இருந்ததால், அதன் உரிமையாளருக்குத் தேடுவதாக நடிக்க மட்டுமே வாய்ப்புண்டு. வயது காரணமன்று என்பது இதனால் பெறப்படும்.

வண்டியின் வீட்டுப் பகுதி தனி இயல். பலவற்றில் இருக்கும் குளிர்பெட்டி, அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிர் தரும் வகை. 1922இல் ஸ்டாக்ஹோமில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் கண்டுபிடித்தது. இதில் அசையும் பாகமே கிடையாது. ஆகவே மாற்றுவதற்கு எதுவும் இல்லை. கெட்டால் முழுதாகக் கெடும். சாய்வான இடத்தில் வண்டியை நிறுத்தினால் கெடாமலே வேலைநிறுத்தம் செய்யும். புதியது வாங்கினால் பழைய அடைப்பின் அளவுக்கு ஒத்துவராது; அங்கே உதிரியியல் முடிந்து தச்சு வேலை தொடங்குகிறது.

3. எண்ணும் எழுத்தும்

உலோகப் பாகத்தின் உடம்பில் எண் ஒன்று புடைத்து நிற்கும். ஐம்பது வருட எண்ணெயும் மண்ணும் கலந்து கெட்டியான கசடு அதன்மேல் அப்பியிருக்கும். கம்பி பிரஷால் முதலில் தேய்க்க வேண்டும். பெட்ரோல் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். பிறகு சாக்பீஸைப் படுக்கவைத்து மேலோடு உரசினால் எண் வெள்ளையாக எழும்பி வரும். கல்வெட்டுப் படிப்பவர் போலவே, 3 என்பதா 8 என்பதா என்று டார்ச்சைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் படித்த எண், பாகத்தின் எண் அன்று. அது வார்ப்பு எண். வார்த்த அச்சுக்கு உரியது. ஒரே வார்ப்பை வெவ்வேறாகக் கடைந்து வெவ்வேறு பாகங்களாக்குவது தொழிற்சாலை வழக்கம். ஆகவே ஒரே வார்ப்பு எண்ணோடு இரு பாகங்கள் வரும், ஒன்று பொருந்தும், மற்றொன்று பொருந்துவது போல் இருக்கும். இத்துறையில் ஏமாந்தோரில் பெரும்பாலோர் இந்த இடத்தில் ஏமாந்தவர்களே.

உண்மையான பாக எண்ணும் நிலையானதன்று. கம்பெனி ஒரு பாகத்தைச் சற்றே மாற்றினால் பழைய எண்ணைத் தள்ளிப் புதிய எண்ணைச் சூட்டும். அதற்கும் பிறகு ஒன்று. இவ்வாறு வழிவழியாக வந்த எண்களைப் பட்டியலில் பின்தொடர்ந்து கடைசி எண்ணை அடைந்தால், அதன் எதிரே ‘உற்பத்தி நிறுத்தப்பட்டது’ என்றிருக்கும். வம்சாவளி முழுவதையும் படித்த திருப்தி மட்டும் நிச்சயம்.

இத்துறையின் மூலநூல் ‘ஹாலண்டர் இன்டர்சேஞ்ச்’. எந்தக் காரின் எந்தப் பாகம் வேறெந்தக் காருக்குச் சேரும் என்று தொகுத்த தடித்த ஏடு. அமெரிக்கக் காயலான் கடைக்காரர்களின் வேதம். யாரும் அதை முதற்பக்கத்திலிருந்து படிப்பதில்லை, ஆனால் எல்லாரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். இந்த ஒரு தகுதியே அதைச் செவ்வியல் நூலாக்கப் போதும்.

4. அரை அங்குலச் சிக்கல்

நூற்பா 3:
பதினாறு அரையில் பதினாறு ஏறும்;
ஏறிய பின்னர் எமனும் ஏறும்.

உரை: தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இவ்வண்டியின் ரிம் 16.5 அங்குலம். ஒருகாலத்தில் அமெரிக்க லாரிகளில் சாதாரணமாக இருந்த அளவுதான், பிறகு வழக்கொழிந்தது. டயர்க் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கைவிட்டன. 16 அங்குல டயரோ எங்கும் கிடைக்கிறது. அரை அங்குலம்தானே என்று ஒருவருக்குத் தோன்றும். சோப்பு நீர் தடவி நெம்பினால் 16 அங்குல டயர் 16.5 அங்குல ரிம்மில் ஏறியும் விடும். ஆனால் இரண்டின் விளிம்புச் சாய்வும் வேறு. டயரின் ஓரம் ரிம்மில் சரியாக உட்காராது. உட்கார வைக்கலாம் என்று இன்னும் காற்றடித்தால் ஓரத்துக்குள் இருக்கும் கம்பி அறுந்து டயர் வெடிக்கும். இப்படி உயிர்போன நேர்வுகள் உண்டு. இவ்வாய்வில் சிரிக்கக் கூடாத பகுதி இது ஒன்றே. தீர்வு எளிது, செலவுதான் கடிது: ஆறு ரிம்மையும் 16 அங்குலத்துக்கு மாற்றுக. பெரும்பாலோர் மாற்றிவிட்டார்கள்.

மாற்றாதவர் பழைய டயர் வேட்டைக்குப் போவர். ‘புத்தம் புதுசு, ஒருநாளும் ரோட்டில் ஓடாதது’ என்று விற்பவர் சொல்வார். உண்மைதான். ரப்பர் அட்டைப்பெட்டிக்குள் இருந்தபடியே கிழடாகும் என்பதை அவர் சொல்லமாட்டார். டயரின் பக்கச் சுவரில் பிறந்த தேதி உண்டு. 2000 முதல் நான்கு இலக்கம்: வாரம் இரண்டு, வருடம் இரண்டு. அதற்கு முன் மூன்றே இலக்கம். வருடத்துக்குக் கடைசி எண் மட்டும். 238 என்றிருந்தால் இருபத்து மூன்றாம் வாரம் சரி. வருடம் 1978ஆ, 1988ஆ, 1998ஆ? காலக்கணிப்பில் அறிஞர் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொள்ளும் துறைகளோடு ஒப்பிட்டால், பத்தாண்டுக் கணக்கில் மட்டுமே மோதும் உதிரியியல் துல்லியமான அறிவியல் என்பது போதரும்.

5. தேடுவோர் ஐந்திணை

தேடுவோர் மனநிலைகளை வகைப்படுத்தப் புதிய கோட்பாடு வேண்டியதில்லை. நம்மிடம் இருப்பதே போதும்.

பாலை: பிரிதலும் பிரிதல் நிமித்தமும். பொழுது நண்பகல்; இடம் அரிசோனாவின் காயலான் மைதானம். மிச்சிகனில் பனிக்காலத்துக்குச் சாலையில் தூவும் உப்பு இரும்பை அரித்துத் தின்னும். அரிசோனாவின் வறட்சியில் துரு அண்டாது. ஆனால் அங்கே வெயில் டாஷ்போர்டைப் பிளந்து, ரப்பரைப் பொடியாக்கி, இருக்கைத் துணியை உதிரவைக்கும். எனவே இரும்பு வேண்டுவோர் தெற்கே போவர். மற்றவை வேண்டுவோர் வடக்கே வருவர். இருவரும் வழியில் ஒரே பெட்ரோல் பங்க்கில் சந்தித்து ஒருவர் வண்டியை ஒருவர் குனிந்து பார்ப்பர்.

முல்லை: இருத்தல். பொழுது மாலை. பார்சல் வண்டி வரும் தெருமுனையைப் பார்த்திருப்பது. பொருள் மூன்று நாளாகச் சிகாகோ கிடங்கில் இருப்பதாகக் கைப்பேசி சொல்லும். தோழியாக நின்று ஆற்றுவிக்க வேண்டிய வாடிக்கையாளர் சேவை எண்ணில் இசை மட்டும் ஒலிக்கும்.

நெய்தல்: இரங்கல். பொழுது எற்பாடு. பெட்டியைப் பிரித்தால் வலப்பக்கத்துக்குப் பதில் இடப்பக்கத்துப் பாகம். திருப்பி அனுப்பும் செலவு பாகத்தின் விலையைத் தாண்டும். எனவே அது அலமாரிக்குப் போகும். அதன் பயன் இயல் ஆறில் கூறப்படும்.

மருதம்: ஊடல். பொழுது வைகறை. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் குவாட்ராஜெட் பிரித்துக் கிடக்கும். சிறு ஸ்பிரிங்குகள் குழம்புக் கிண்ணத்தில். பெட்ரோல் வாசம் காபியில். வீட்டார் பேசமாட்டார். கதவு சாத்தும் ஓசையில் செய்தி இருக்கும். வாயில்களாகப் பிள்ளைகள் தூது போவர். அவர்களும் பெரும்பாலும் வீட்டார் பக்கமே.

குறிஞ்சி: புணர்தல். பொழுது யாமம், கூதிர்க்காலம். கராஜில் விளக்கு ஒன்று, தரையில் அட்டை விரித்துப் படுத்த ஒருவர். நான்கு போல்ட்டில் மூன்று ஏறிவிட்டது. நான்காவது துளை மயிரிழை தள்ளி நிற்கிறது. முழங்காலால் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து, போல்ட்டின் முதல் புரி பிடித்ததும் வரும் ஓசை ‘சளக்’ என்பதன்று, ஓசையே இல்லை. கைக்கு மட்டும் தெரியும். இதைப் பகிர்ந்துகொள்ள அவ்வேளையில் யாரும் விழித்திருக்கமாட்டார்கள். எழுப்பினால் மருதம்.

6. தட்டுப்பாட்டின் தோற்றுவாய்

நூற்பா 4:
வேண்டுங்கால் கிடையா; கிடைக்குங்கால் வேண்டா;
கிடைக்குங்கால் கொள்வர் அறிவுடை யோரே.

உரை: 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னிடம் மிஞ்சிய மோட்டார் ஹோம் உதிரிபாகப் பொறுப்பை மிச்சிகனின் சின்னபார் என்ற நிறுவனத்துக்குக் கைமாற்றியது. அதன் பிறகு சிறு பட்டறைகள் முளைத்தன. சில பாகங்களைப் புதிதாகவே வார்க்கிறார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இருந்த காற்றுப் பையை இரண்டாக்கிப் பழையதைவிட நன்றாக ஓட வைக்கிறார்கள். உடைந்த குமிழை அளந்து முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள். பாகம் இல்லாமல் இல்லை. எங்கே போகிறது?

மேற்கண்ட நூற்பாவின்படியே போகிறது. கிடைக்கும்போது வாங்காவிட்டால் பின்பு கிடைக்காது என்று அறிந்த ஒவ்வொருவரும் கிடைத்தபோதே வாங்குகிறார். தேவையில்லாதவரும் வாங்குகிறார், என்றாவது தேவைப்படும் என்று. வாங்கியதை இருக்கிறது என்று சொல்லமாட்டார், கேட்டுவிடுவார்கள் என்று. ஓடும் கியர்பாக்ஸ் ஒன்றுக்குத் துணையாக ஷெட்டில் தூங்கும் கியர்பாக்ஸ் ஒன்றாவது இருப்பது கௌரவம். சந்தையில் பாகம் மறைகிறது. மறைவதைக் கண்டு மற்றவரும் பதறி வாங்குகிறார். ஆகவே தட்டுப்பாட்டின் தோற்றுவாய் கம்பெனியும் அன்று, காலமும் அன்று. தட்டுப்பாட்டைக் கண்டு அஞ்சுவோரே.

இதிலிருந்து நம்பிக்கையூட்டும் கோட்பாடு ஒன்று பிறக்கிறது. தீப்பிடித்ததும் துருவேறியதும் மரக்கிளை விழுந்ததுமான வண்டிகளைப் பிரித்துத்தான் மற்றவை ஓடுகின்றன. அதாவது, ஓடும் வண்டிகள் குறையக் குறைய உதிரி கூடிக்கொண்டே போகும். கடைசியாக ஒரே வண்டி ஓடும் நாளில், அதற்கு ஏறத்தாழ 12,899 வண்டிகளின் பாகங்கள் இருக்கும். அன்று தட்டுப்பாடு அறவே ஒழியும். பொருளியலார் இதை மறுக்கக் கூடும். அவர்களிடம் இந்த வண்டி இல்லை.

நடைமுறையில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பாகம் எந்த ஷெட்டில் தூங்குகிறது என்பது அந்த ஷெட்டின் சாவி வைத்திருப்பவருக்கே தெரியும். அவரோ காசுக்கு மசியார். நெய்தலில் தவறாக வந்து அலமாரியேறிய இடப்பக்கத்துப் பாகம் இங்கே கைகொடுக்கும். அவர் தேடிக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கும். இல்லாவிடினும், தன்னைப் போல் ஏமாந்த இன்னொருவரைக் கண்ட மகிழ்ச்சியில் அவர் கதவைத் திறப்பார். நூற்பா 1 பாகங்களுக்குச் சொன்ன உறவு முறை ஆட்களுக்கும் செல்லும் என்று விதிக்க.

7. புறனடை

நூற்பா 5:
சொல்லாத பாகம் உளவெனின் அவற்றைச்
சொல்லிய பாகத் தொடுபொருத் துகவே.

உரை: கிடைத்ததை வைத்துப் பொருத்துக என்றவாறு. ‘பொருத்துக’ என்றதனால், அரத்தால் ராவியும், துளையைப் பெரிதாக்கியும், வாஷர் இரண்டு கூட்டியும், லேத்துப் பட்டறையில் கடைந்தும், பற்றவைத்தும் பொருத்துதல் கொள்ளப்படும். ‘அடித்தும்’ என்று சிலர் பாடம் கொள்வர். அஃது ஏற்புடைத்தன்று, ஆயினும் வழக்கில் உண்டு.